ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டின் மெதுவான மூவ்மென்ட்டைக் கூர்ந்து கேட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கு கருவிகள் வாசிக்கும் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் இசையில், வேகமான மூவ்மென்ட்டுகள், அதாவது ஒரு படைப்பின் தனித்தனிப் பகுதிகள், கேட்பவரைத் தாமாகவே இழுத்துக்கொண்டு போய்விடும். மெதுவானவை அப்படி இழுப்பதில்லை. முதல் ஒரு நிமிடம் அழகாக இருக்கிறது என்று தோன்றும், அடுத்த நிமிடத்தில் மனம் வேறு எங்கோ போயிருக்கும், முடிந்த பிறகு ‘அமைதியாக இருந்தது’ என்பதைத் தவிரச் சொல்வதற்கு எதுவும் மிஞ்சாது. இதற்குக் காரணம் இசையில் விஷயம் குறைவாக இருப்பது அன்று. மேலே ஒலிக்கும் மெட்டை மட்டும் காது பற்றிக்கொள்கிறது. மெட்டோ மெதுவாக நகர்கிறது. ஆகவே அதன் இரண்டு சுரங்களுக்கு நடுவே காதுக்கு வேலை இல்லாமல் போகிறது. உண்மையில் அந்த இடைவெளியில்தான் மற்ற மூன்று கருவிகளும் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. மெட்டு எப்படியும் காதில் விழுந்துவிடும் என்பதால் அதைக் காவல் காக்க வேண்டியதில்லை. கவனத்தைக் கீழே இருக்கும் குரல்களுக்குத் திருப்பப் பழக வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு பழக்கத்தைப் பற்றியதுதான்.

பயிற்சிக்கு இசையமைப்பாளர் ஹைடனின் சி மேஜர் குவார்ட்டெட்டை, அதாவது ஓபஸ் (படைப்பு வரிசை எண்) 76 எண் 3-ஐ, எடுத்துக்கொள்வோம். ‘எம்பரர்’ என்ற பெயரில் தேடினால் பல குழுக்களின் பதிவுகள் கிடைக்கும். அதன் இரண்டாவது மூவ்மென்ட் ஏறக்குறைய ஏழு நிமிடம் ஓடும். இதைவிட ஆழமான மெதுவான மூவ்மென்ட்டுகள் உண்டு. ஆனால் கேட்கக் கற்றுக்கொள்வதற்கென்றே யாரோ எழுதிக் கொடுத்ததுபோல் அமைந்த ஒன்று இதைத் தவிர வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஏன் என்பது மூன்றாம் படியில் விளங்கும்.

கேட்கும் முன்

செல்லோவின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறக்குறைய 65 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. செல்பேசியின் சிறிய ஸ்பீக்கரால் அந்த ஆழத்தைக் கொண்டுவர முடியாது. காது அதை ஓரளவு ஊகித்து நிரப்பிக்கொண்டாலும், அடித்தளத்தின் கனம் வந்து சேராது. எனவே நல்ல ஹெட்போன் அல்லது இடைவெளி விட்டு வைத்த இரண்டு ஸ்பீக்கர்கள் அவசியம். பெரும்பாலான குழுக்களில் கேட்பவரின் இடப்பக்கத்திலிருந்து முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ என்ற வரிசையில் அமர்கிறார்கள். சிலவற்றில் வியோலா வலக்கோடியிலும் செல்லோ அதற்கு உள்ளேயும் இருக்கும். வேறு சிலவற்றில் இரண்டு வயலின்களும் எதிரெதிராக அமரும். உங்கள் பதிவில் எது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை முதலிலேயே கண்டுபிடித்து வைத்துக்கொண்டால், பின்னால் வரும் வேலை பாதி குறைந்துவிடும்.

‘மனத்தை இலகுவாக்கும் இசை’ என்ற தலைப்பில் தொகுத்துத் தரப்படும் பட்டியல்களிலிருந்து கேட்க வேண்டாம். அவற்றில் ஒரு மூவ்மென்ட் அதன் முன்னும் பின்னும் உள்ளவற்றிலிருந்து பிய்த்து எடுக்கப்பட்டிருக்கும் என்பது மட்டுமல்ல, கவனிக்காமல் கேட்பதற்கென்றே அவை அடுக்கப்படுகின்றன. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது.

முதல் படி: ஒருமுறை முழுவதும், எதையும் தேடாமல்

மூவ்மென்ட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நிறுத்தாமல் ஒருமுறை கேளுங்கள். எதையும் குறித்துக்கொள்ள வேண்டாம். மனம் எங்கே விலகியது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; அந்த இடங்களுக்குத்தான் திரும்பி வரப்போகிறோம்.

இரண்டாம் படி: மெட்டை மனப்பாடம் செய்தல்

இந்த மெட்டை ஹைடன் முதலில் குவார்ட்டெட்டுக்காக எழுதவில்லை. புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் பிரான்ஸின் (Franz) பிறந்தநாளான 1797 பிப்ரவரி 12-க்காக, அவரை வாழ்த்தும் பாடலாக இயற்றினார். கவிஞர் ஹாஷ்கா அதற்குச் சொற்களை எழுதினார். அதே காலத்தில் ஹைடன் எழுதிக்கொண்டிருந்த ஆறு குவார்ட்டெட்டுகளில் ஒன்றுக்குள் இந்த மெட்டு புகுந்தது. இன்று ஜெர்மனியின் தேசிய கீதம் வேறு சொற்களுடன் இதே மெட்டில்தான் பாடப்படுகிறது. ஆகவே கேட்டவுடன் ‘இது எங்கோ கேட்டதாயிற்றே’ என்று பலருக்குத் தோன்றும். அந்தப் பழக்கம் இங்கே உதவிதான்.

மெட்டு ஐந்து வரிகள் கொண்டது. ஒவ்வொரு வரியும் நான்கு பார் (தாளச் சுற்று), மொத்தம் இருபது பார். முதல் வரி அப்படியே மீண்டும் வருகிறது. மூன்றாவது வரி தனி. நான்காவது வரி ஐந்தாவதாக மீண்டும் வருகிறது. கருநாடக இசையின் சுரங்கள் தெரிந்தவர்களுக்கு இன்னும் எளிதாகச் சொல்லலாம். சங்கராபரணத்தின் சுரங்களை வைத்துக்கொண்டால், மெட்டு ‘ஸ ரி க ரி ம க ரி நி ஸ’ என்று தொடங்கி, முதல் வரியின் கடைசியில் பஞ்சமத்தில் போய் நிற்கிறது. வாக்கியம் முடியவில்லை என்ற உணர்வு அங்கே வருவது அதனால்தான். மூன்றாவது வரியின் இறுதியில் மத்யமம் ஒருமுறை கூர்மையாகிப் பஞ்சமத்தை நோக்கித் தள்ளுகிறது. நான்காவது வரி மெட்டின் மிக உயர்ந்த இடமான மேல் ஷட்ஜத்தில் சட்டென்று தொடங்கி, படிப்படியாக இறங்கி, கீழ் ஷட்ஜத்தை அடைகிறது. அந்த உச்சிக்கு முன்னால் ஏணி எதுவும் வைக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். மூன்றாவது வரி பஞ்சமத்தில் முடிந்ததும் அடுத்த சுரமே உச்சிதான்.

பதிவின் துணையின்றி இந்த ஐந்து வரிகளையும் முனகிப் பார்க்க முடியும்வரை தொடக்கப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். இது அலுப்பான வேலை. ஆனால் இதைத் தவிர்த்தால் அடுத்த படிகளில் எதுவும் நடக்காது. மெட்டு உங்களுக்குள் தானாக ஓடத் தொடங்கினால்தான் காதை அதிலிருந்து விடுவித்து வேறு இடத்துக்கு அனுப்ப முடியும்.

மூன்றாம் படி: மெட்டு கைமாறும் இடங்கள்

தொடக்கத்தில் முதல் வயலின் மெட்டைச் சொல்ல, மற்ற மூன்றும் அதனுடன் சேர்ந்து நகர்கின்றன. பிறகு நான்கு வேரியேஷன்கள் வருகின்றன. பொதுவாக வேரியேஷன் என்றால் மெட்டையே வளைத்து, நகாசு செய்து, அடையாளம் மாற்றுவார்கள். ஹைடன் இங்கே மெட்டைத் தொடவே இல்லை. நான்கு முறையும் அது ஏறத்தாழ அதே சுரங்களில், அதே நடையில் வருகிறது. வாசிக்கும் கருவியும் சுற்றி நிகழ்வதும்தான் மாறுகின்றன. மெட்டை அசையாமல் நிறுத்திவைத்துவிட்டுச் சுற்றுப்புறத்தை மட்டும் நான்கு விதமாக மாற்றிக் காட்டுவதால், சுற்றுப்புறத்தைக் கேட்கப் பழகுபவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் அமைவது கடினம்.

முதல் வேரியேஷனில் வியோலாவும் செல்லோவும் முழுவதுமாக ஓய்வெடுக்கின்றன. இரண்டாம் வயலின் மெட்டை வாசிக்க, முதல் வயலின் அதன்மேல் பொடிப்பொடியான வேகச் சுரங்களால் பின்னிக்கொண்டே போகிறது. கேட்பவரின் காது உடனே மேலே உள்ள வேகத்தின் பின்னால் ஓடும். அதை அனுமதிக்காதீர்கள். முதல்முறை இரண்டாம் வயலினை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள். அடுத்தமுறை மெட்டை மனத்துக்குள் ஓடவிட்டு, பின்னல் எந்தச் சுரத்தில் மெட்டைத் தொடுகிறது, எங்கே விலகுகிறது என்று பாருங்கள். கருவிகள் இரண்டே என்பதால் இது கைக்கு எட்டும் பயிற்சி.

இரண்டாவது வேரியேஷனில் மெட்டு செல்லோவுக்குப் போகிறது. இதுவரை அடித்தளமாக இருந்த குரல் பாடகராகிவிட்டது. அப்படியானால் அடித்தளம் எங்கே? மெட்டே அடித்தளமாகவும் இருக்க வேண்டிய நிலை. மேலே உள்ள குரல்கள் அதற்கேற்ப எப்படிப் பதில் சொல்கின்றன என்பதைக் கேளுங்கள். குறிப்பாக முதல் வயலின் தாளத்தின் அடியில் விழாமல் அடிகளுக்கு நடுவே நுழைவதை.

மூன்றாவதில் வியோலாவின் முறை. நான்கு குரல்களுக்கு நடுவில் புதைந்திருக்கும் இந்தக் கருவியைத் தனியே கேட்கக் கிடைக்கும் வாய்ப்பு மற்ற குவார்ட்டெட்டுகளில் அரிது. வயலினைவிடச் சற்றுப் பெரியது. ஐந்து சுரம் தாழ்வாகச் சுருதி கூட்டப்படுவது. மூக்கடைத்தாற்போன்ற, கொஞ்சம் கரகரப்பான குரல். அந்தக் குரலின் நிறத்தை இங்கே மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். பிற கருவிகள் ஒவ்வொன்றாகச் சேரச் சேர, மூல மெட்டின் தெளிவான ஹார்மனி, அதாவது சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் அமைப்பு, கலங்கி, அரைச் சுர நகர்வுகளால் இருண்டுபோவதும் இந்த வேரியேஷனில்தான் தொடங்குகிறது.

நான்காவதில் மெட்டு மீண்டும் முதல் வயலினிடம் வருகிறது. நான்கு குரல்களும் வாசிக்கின்றன. தொடக்கத்தையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். மெட்டு அதுவே, வாசிப்பவரும் அவரே. ஆனால் கீழே உள்ள கார்டுகள், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், வேறு. எந்தச் சுரம் முதலில் ஓய்வாகத் தோன்றியதோ அதே சுரம் இப்போது ஏக்கமாகத் தோன்றும். போகப்போக மெட்டு ஒரு ஸ்தாயி மேலேறி ஒலிக்கிறது. பிறகு மூவ்மென்ட் சன்னமாகி முடிகிறது.

நான்காம் படி: செல்லோவைப் பின்தொடர்தல்

இப்போது மூவ்மென்ட்டின் தொடக்கத்துக்குத் திரும்பி, செல்லோவை மட்டும் கேளுங்கள். இதுதான் உண்மையான பயிற்சி. மேலே சொன்னவை எல்லாம் இதற்கான தயாரிப்பு என்றே கொள்ளலாம். மெட்டின் எந்தச் சுரத்துக்கும் பொருள் கொடுப்பது அதன் கீழே நிற்கும் சுரம்தான். ஒரே ‘க’ சுரம், கீழே ‘ஸ’ இருந்தால் நிறைவாகவும், கீழே ‘த’ இருந்தால் வாட்டமாகவும் கேட்கும். மெதுவான மூவ்மென்ட்டில் செல்லோ ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு நகரும் கணங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆகவே ஒவ்வொன்றும் எடை கூடியது.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். மெட்டை முனகுவதற்குப் பதிலாக, செல்லோவின் வரியை முனக முயலுங்கள். முதலில் ஒவ்வொரு வரியின் கடைசி இரண்டு சுரங்கள் மட்டும் பிடிபடும், அது போதும். செல்லோ ‘ப’விலிருந்து ‘ஸ’வுக்கு இறங்கும்போது வாக்கியம் முடிகிறது. ‘ப’விலேயே நின்றுவிட்டால் இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது. ‘ஸ’வுக்குப் போக வேண்டியது ‘த’வுக்குப் போனால், முடிவதுபோல் பாவனை காட்டி இசையமைப்பாளர் ஏமாற்றியிருக்கிறார் என்று பொருள். இந்த மூன்றையும் காது பிரித்தறியத் தொடங்கினால், எந்த இசையமைப்பாளரின் மெதுவான மூவ்மென்ட்டிலும் வாக்கியங்களின் எல்லைகள் தெரியத் தொடங்கும். நிலையான தம்புரா சுருதியின்மேல் கேட்டுப் பழகியவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: இங்கே ஆதார ஷட்ஜம் எங்கும் தொடர்ந்து ஒலிப்பதில்லை, அது எது என்பதைச் செல்லோவின் நகர்வுதான் அவ்வப்போது அறிவிக்கிறது, சில வேளை மாற்றியும் அறிவிக்கிறது.

ஐந்தாம் படி: நடுக்குரல்கள்

இரண்டாம் வயலினும் வியோலாவும்தான் கேட்பதற்கு மிகவும் கடினமானவை. ஒலிப்பதிவில் மட்டும் அவற்றைப் பிரிக்க முடியாவிட்டால், நேரடி வாசிப்பின் காணொளி ஒன்றை எடுத்துக்கொண்டு, வியோலா வாசிப்பவரின் வலக்கையை மட்டும் பாருங்கள். வில் நகரும்போது ஒலியைத் தேடுங்கள். கண் காட்டிக் கொடுத்ததைக் காது பிடித்துக்கொள்ளும். சில முறைக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டும் அதே குரலைப் பின்தொடர முடியும். இதற்கு மட்டும் காணொளியைப் பயன்படுத்துங்கள். மற்றபடி வாசிப்பவர்களின் முகபாவங்கள் கவனத்தைக் கெடுக்கும் என்பது என் கருத்து.

இதே பயிற்சிக்கு இன்னொரு நல்ல களம், 1881-இல் பொரோடின் எழுதிய இரண்டாவது குவார்ட்டெட்டின் நாக்டர்ன் என்ற மெதுவான மூவ்மென்ட். அங்கே செல்லோ தன் உயர்ந்த ஸ்தாயியில் மெட்டைத் தொடங்குகிறது. கீழே இரண்டாம் வயலினும் வியோலாவும் தாளத்தை நழுவவிட்டு நழுவவிட்டு அசைந்துகொண்டிருக்கின்றன. அந்த அசைவை நிறுத்திவிட்டால் மெட்டு வெறும் இனிப்பாகிவிடும். பின்னால் அதே மெட்டை இரண்டு கருவிகள் சிறிய இடைவெளியில் ஒன்றையொன்று துரத்தி வாசிக்கும் இடம் வரும். முந்திச் செல்லும் குரலை விட்டுவிட்டு, பின்தொடரும் குரலைப் பற்றிக்கொள்ள முயலுங்கள்.

ஆறாம் படி: வில்லும் சுருதியும்

வயலின் வில்லில் தந்தியைத் தொடும் மயிரின் நீளம் ஏறக்குறைய 65 சென்டிமீட்டர். மெதுவான மூவ்மென்ட்டில் நீண்ட சுரம் ஒன்று வரும்போது, அந்த நீளத்தைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும். தீர்ந்துபோனால் திசை மாற்ற வேண்டும். அந்தத் திருப்பத்தில் ஒரு மெல்லிய தையல் கேட்கும், அல்லது கேட்காமல் மறைக்கப்படும். நல்ல குழுக்களில் நால்வரும் ஒரே கணத்தில் வில்லைத் திருப்புவார்கள், அல்லது திட்டமிட்டு வெவ்வேறு கணங்களில் திருப்பித் தையலை மறைப்பார்கள். வில் மெதுவாகப் போனால் ஒலி அடர்த்தியாகவும், அழுத்தம் குறைந்து வேகமாகப் போனால் காற்றுக் கலந்தாற்போலவும் இருக்கும். ஹெட்போனில் ஒரே ஒரு நீண்ட சுரத்தை எடுத்துக்கொண்டு, அதன் தொடக்கம், நடு, இறுதி மூன்றும் எப்படி வேறுபடுகின்றன என்று கேளுங்கள். அதிர்வு, அதாவது விப்ராட்டோ, சுரம் பிறந்தவுடனே வருகிறதா, பாதியில் வந்து சேர்கிறதா, வரவே இல்லையா என்பதும் இங்கே தெரியும்.

சுருதி விஷயம் நுட்பமானது. பியானோவில் சுரங்களின் இடம் நிலையானது. அதன் மேஜர் மூன்றாம் சுரம், அதாவது ‘ஸ’வுக்கும் ‘க’வுக்கும் இடையிலான தூரம், இயற்கையான தூய இடைவெளியைவிட ஏறக்குறைய 14 சென்ட் (சென்ட் என்பது அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு) அகலமானது. குவார்ட்டெட்டில் நான்கு கருவிகளும் விரலால் சுரத்தின் இடத்தை நகர்த்தக் கூடியவை. ஆகவே நீண்ட கார்டு ஒன்றில் நடுக்குரல் வாசிப்பவர் தன் சுரத்தை மயிரிழை இறக்கினால், அதுவரை மெல்ல உரசிக்கொண்டிருந்த ஒலி திடீரென்று ஒட்டிக்கொண்டு, அறை சற்று விரிந்தாற்போல் ஒலிக்கும். வேகமான இசையில் இதற்கு நேரமே கிடைக்காது.

ஏழாம் படி: நிசப்தங்கள்

இதை விரைவாகச் சொல்லிவிடலாம். சாமுவேல் பார்பர் 1936-இல் எழுதிய குவார்ட்டெட்டின் மெதுவான மூவ்மென்ட்டைத்தான் பின்னர் தந்தி ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார். 1938-இல் தோஸ்கனினி நடத்தியதிலிருந்து அந்த வடிவம்தான் உலகெங்கும் பரவியது. மூலமான நால்வர் வடிவத்தைத் தேடிக் கேளுங்கள். ஆர்கெஸ்ட்ராவில் மறையும் சிராய்ப்பு இதில் தெரியும். நான்கு கருவிகளும் தங்கள் உச்சிக்கு ஏறி, அங்கேயே ஒலியை அறுத்துவிட்டு, நின்றுவிடுகின்றன. அந்த நிசப்தத்தின் நீளம் ஒவ்வொரு குழுவிலும் வேறு. அதற்குப் பின் வரும் சன்னமான கார்டு, முன்னால் இருந்த உச்சிக்குப் பதிலா, இல்லையா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

எட்டாம் படி: பேத்தோவனின் ஓபஸ் 132

ஹைடனில் பழகிய காதுடன் இப்போது பெரிய வேலைக்குப் போகலாம். 1825-இன் வசந்த காலத்தில் பேத்தோவன் கடும் குடல் நோயில் படுத்திருந்து மீண்டார். அந்த ஆண்டு முடித்த ஏ மைனர் குவார்ட்டெட்டின் மூன்றாவது மூவ்மென்ட்டுக்கு, நோயிலிருந்து மீண்ட ஒருவர் லிடியன் முறையில் கடவுளுக்குச் செலுத்தும் புனித நன்றிப்பாடல் என்று பொருள்படும் தலைப்பைத் தாமே எழுதினார். குழுவைப் பொறுத்து 15 நிமிடம் முதல் 18, 19 நிமிடம்வரை நீளும்.

அமைப்பை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. மிக மெதுவான துதிப்பகுதி, ‘புதிய வலிமையை உணர்ந்து’ என்று குறிக்கப்பட்ட, டி மேஜரில் சற்று வேகமான பகுதி, மீண்டும் துதி, மீண்டும் வலிமை, கடைசியாகத் துதி. துதிப்பகுதியின் மெட்டில் ஐந்து இசைச் சொற்றொடர்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால், கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும் சிறிய முன்னுரை. முன்னுரை நகர்கிறது, சொற்றொடர் நிற்கிறது. இந்த இரண்டையும் பிரித்துக் கேட்பதே முதல் வேலை.

லிடியன் முறையின் சுரவரிசை நம் மேசகல்யாணியின் சுரவரிசையேதான். ஆனால் கல்யாணியை எதிர்பார்த்துக் கேட்டால் ஏமாற்றமே மிஞ்சும். எஃப் சுரம்தான் ஷட்ஜம் என்று பெயர். பிரதிமத்யமமாகிய பி சுரமோ பி ஃப்ளாட்டாக மென்மையாக்கப்படாமல் நிற்கிறது. முதல் துதிப்பகுதியை வாசிக்கப் பியானோவில் கறுப்புக் கட்டை ஒன்றுகூடத் தேவைப்படாது. செல்லோவைப் பின்தொடரப் பழகிய காதுக்கு, ஆதாரம் எஃப்-ஆ, சி-ஆ என்பது கடைசிவரை தெளிவாகாது. இரண்டும் மாறி மாறி இழுக்கும். இந்த மிதக்கும் உணர்வை ‘தெய்விகம்’ என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. எங்கே எஃப், எங்கே சி என்று தேடிக் கேட்பதே பயனுள்ளது.

இரண்டாவது துதியில் முதல் வயலின் மெட்டை ஒரு ஸ்தாயி மேலே நீண்ட சுரங்களாக நிறுத்த, கீழே மூன்று குரல்களும் முன்னுரையின் துணுக்குகளைப் பரிமாறிக்கொள்கின்றன. மூன்றாவதில் சொற்றொடர் ஒன்று மட்டுமே எஞ்சுகிறது. முன்னுரையும் துதியும் இனித் தனித்தனியாக இல்லை, நான்கு கருவிகளும் இரண்டையும் சேர்த்தே வாசிக்கின்றன. ‘மிக ஆழ்ந்த உணர்வுடன்’ என்ற குறிப்பு இங்கே வருகிறது. முதல் துதியில் தனித்துக் கேட்ட ஐந்து சொற்றொடர்களில் எது எஞ்சியது என்பதைக் காதாலேயே கண்டுபிடியுங்கள், விடை முதலாவது.

ஒன்பதாம் படி: இரண்டு குழுக்கள், ஒரு சுரக்குறிப்பு

ஹைடன், பேத்தோவன், பொரோடின் ஆகியோரின் சுரக்குறிப்புகள் பதிப்புரிமை முடிந்தவை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நான்கு வரிகளில் எது வெறுமையாக இருக்கிறது, எதில் கறுப்புப் புள்ளிகள் நெருக்கமாக இருக்கின்றன என்பதைப் பார்த்துக்கொண்டே கேட்டால் போதும். ஹைடனின் முதல் வேரியேஷனில் கீழ் இரண்டு வரிகளும் காலியாகக் கிடப்பது யாருக்கும் தெரியும். ஆனால் முதல் நாளே சுரக்குறிப்பை எடுக்காதீர்கள். கண் முந்திக்கொண்டால் காது சோம்பிவிடும்.

பிறகு ஓபஸ் 132-இன் முதல் துதிப்பகுதியை மட்டும் இரண்டு குழுக்களின் பதிவில் அடுத்தடுத்துக் கேளுங்கள். சில குழுக்கள் இங்கே விப்ராட்டோவை முழுவதும் கைவிட்டு, கண்ணாடி போன்ற நேரான ஒலியில் வாசிக்கின்றன. சில, ஒவ்வொரு சுரத்தையும் அதிரவைத்துப் பாடுகின்றன. எனக்கு முதல் வகையே பிடிக்கும், ஏனெனில் கார்டுகள் ஒட்டிக்கொள்ளும் கணம் அதில் தெளிவாகக் கேட்கிறது. அதிர்வு இருந்தால் அந்தக் கணம் மங்கிவிடுகிறது. ஆனால் அதிர்வின்றித் தொடங்கும் குழு, மூன்றாவது துதியிலும் அப்படியே வாசிக்கிறதா, அங்கே அதிர்வைச் சேர்க்கிறதா என்று பார்த்த பிறகே எந்தப் பதிவை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யுங்கள்.